இருநூற்று எழுபத்து மூன்றாம் பக்கம்

பதிவாளர் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதன் நடுத்தட்டில், இரண்டு பக்கமும் எதுவும் உரசாமல், ஒரே ஒரு நாவல் தனியாக நின்றது. ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கரும்பச்சைத் தோல் அட்டை, முதுகில் தங்க எழுத்து. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான், படும்படி வைத்திருந்தார்கள்.

அதைப் போலக் கடினமான நாவல் இன்னொன்று இல்லை என்று படித்தவர்கள் சொல்வார்கள். மூன்று குடும்பம், அறுபது ஆட்கள், ஆளுக்கு மூன்று பெயர். வீட்டுப் பெயர் ஒன்று, பட்டப் பெயர் ஒன்று, கோபம் வந்தால் கூப்பிடுகிற பெயர் ஒன்று. ஆரம்பித்தவர்கள் உண்டு. முடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அந்த விரல்களில் ஒன்று பதிவாளரின் அப்பா. அவர் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். நாவலின் கடைசி வெற்றுத் தாளில், சிவப்பு மையில், ஏழு தேதிகள் எழுதியிருந்தார். ஒவ்வொரு தேதிக்கும் எதிரில் 'வாசித்து முடித்தேன்' என்று ஒரு வரி. நிலம், வீடு என்று பெரிதாக எதையும் வைத்துவிட்டுப் போகாத மனிதர் வைத்துவிட்டுப் போனது அந்த ஏழு வரிகளைத்தான். புதிதாக ஒருவர் வழி கேட்டால், "ஏழு தடவை படிச்சவர் வீடா?" என்று தெருவே கை காட்டும். ஒரு குடும்பத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

பதிவாளர் அப்பாவின் பெயருக்குக் குறை வைக்காத மகன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து, வந்த பத்திரத்தின் தாள்களை எண்ணி, ஒவ்வொரு தாளிலும் சுருக்கொப்பமிட்டு, ஒரு புகாருக்கும் ஆளாகாமல் ஓய்வு பெற்றவர். "ஒரு தாள் விட்டுப் போனா ஒரு வீடு விட்டுப் போன மாதிரி" என்று தனக்குக் கீழே இருந்தவர்களிடம் சொல்வார். அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொன்னது ஒன்றே ஒன்று. அது இந்த நாவலைப் பற்றித்தான்.

மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்று, பையனின் அப்பா அலமாரி முன்னால் போய் நின்றார். பழைய டயர்களுக்குப் புது ரப்பர் போட்டுத் தரும் பட்டறை வைத்திருப்பவர். பையன் நல்ல வேலையில் இருந்ததால் பதிவாளர் பட்டறையைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனாலும் மனசுக்குள் அவரை 'டயர்க்காரர்' என்றுதான் குறித்துவைத்திருந்தார்.

"இதை நீங்க படிச்சிருக்கீங்களா சம்பந்தி?"

சம்பந்தம் இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் சம்பந்தி.

"ரெண்டு தடவை" என்றார் பதிவாளர்.

வாய் தவறி வந்ததல்ல அது. அந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு, சிவப்பு மை உலராத குறையாக இருக்கும் அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'நாற்பது பக்கத்துக்கு மேல் போனதில்லை' என்று எந்த மகனால் சொல்ல முடியும்?

டயர்க்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் பத்தாவதோட சரிங்க. இந்த மாதிரி புத்தகத்தைத் தூக்கவே பயமா இருக்கும்."

பதிவாளருக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனது. சம்பந்தம் முடிவானது.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. பிறகு டயர்க்காரருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. பட்டறையை மகன் வாரக் கடைசியில் பார்த்துக்கொண்டான். மூன்று மாதம் நாற்காலியைவிட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அம்மா வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"அப்பா, மாமா அந்தப் பெரிய நாவலைப் படிக்க ஆரம்பிச்சிருக்கார். லைப்ரரில இருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

பதிவாளர் சிரித்தார். நல்ல மனசோடுதான் சிரித்தார். "பாவம். முப்பது பக்கம் தாண்டமாட்டார்."

அடுத்த ஞாயிறு நூற்று இருபது என்றாள். அதற்கடுத்த வாரம் இருநூற்று ஐம்பது. "பேரெல்லாம் குழம்பலையா அவருக்கு?" என்று பதிவாளர் கேட்டார். "இல்லப்பா. பட்டறைக்கு வர்ற வண்டியை எல்லாம் டிரைவர் முகத்தை வச்சுத்தானே ஞாபகம் வச்சிருக்கார். அதே மாதிரி ஒவ்வொருத்தருக்கும் ஒரு முகம் வச்சுக்கறாராம். நீதிபதிக்கு யார் முகம் தெரியுமா? பட்டறைக்கு டயர் அனுப்பற லாரி ஆபீஸ் முதலாளி முகம்." சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நீதிபதி யார் என்று பதிவாளருக்குத் தெரியாது. நாற்பது பக்கத்துக்குள் நீதிபதி வரவில்லை.



மகள் போன பிறகு அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, மனைவி கடைக்குப் போனதும், மேசையில் வைத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அலுவலகத்தில் பத்திரம் படித்த மாதிரியே வரிக்குக் கீழே மர அளவுகோலை வைத்துக்கொண்டு படித்தார். தனியாக ஒரு நோட்டில் கட்டம் போட்டார்: பெயர், தகப்பனார் பெயர், வயது, வசிப்பிடம். கதையில் ஒருவன் கோபத்தில் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனால், அவன் எந்தக் கதவு வழியாகப் போனான், அது கிழக்கு வாசலா மேற்கு வாசலா என்று திரும்பிப் போய்த் தேடினார். அவர் கண் வரியில் ஓடியது, மனம் ஓடவில்லை. தினமும் பதினோரு மணிக்கு மனைவி திரும்பி வரும்போது அவர் மோவாய் மார்பில் கிடக்கும்.

"என்னங்க, பக்கத்துக்கு ஒரு தூக்கமா, தூக்கத்துக்கு ஒரு பக்கமா?"

"ஏற்கெனவே படிச்சதுதானே. சும்மா புரட்டறேன்."

"புரட்டற சத்தம் நல்லா கேட்டுது. குறட்டை மாதிரியே இருந்தது."

மூன்று மாதத்தில் நூற்றுத் தொண்ணூறாம் பக்கம் வந்திருந்தார். அந்த மூன்று மாதத்தில் டயர்க்காரர் நாவலை முடித்துவிட்டார்.

முடித்த ஞாயிற்றுக்கிழமை குச்சியை ஊன்றிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, பதிவாளரின் மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருக்க, அவருக்குக் கதை சொன்னார். மகள் நடுநடுவே எடுத்துக்கொடுத்தாள். அந்த வீட்டு அம்மாள், இருபத்தெட்டு வருடமாகப் பதிவாளர் சொன்ன எதையும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டதில்லை; அன்று தோல் பாத்திரத்திலும், பட்டாணி குப்பையிலுமாக விழுந்துகொண்டிருந்தது.

"அப்புறம் அந்தக் கடைசித் தங்கை என்ன ஆனா?"

"அதை மட்டும் சொல்லமாட்டேன் சம்பந்தியம்மா. நீங்களே படிங்க."

"நான் எங்க படிக்கறது. நீங்க சொன்னாத்தான் உண்டு."

பதிவாளர் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். ஒரே பக்கத்தை இருபது நிமிடமாகப் பிடித்திருந்தார்.

"சம்பந்தி" என்று டயர்க்காரர் அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிக்கும்?"

"எல்லாமே நல்ல இடம்தான்."

"எனக்கு அந்தப் படகு. உங்களுக்குத் தெரியாததா."

"ம். படகு."

"ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டாங்க பாருங்க. அங்கதான்."

"மாமா அதை எனக்குப் படிச்சுக் காட்டினார்ப்பா" என்றாள் மகள். "கேட்டுக்கிட்டிருந்த நான் அழுதே போயிட்டேன். அத்தை தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க."

படித்துக் காட்டினாராம். பதிவாளர் தம் மகளுக்கு வாய்விட்டு எதையாவது படித்துக் காட்டியிருக்கிறார் என்றால் அது வீட்டுக்குக் கொண்டு வந்த பத்திரங்களின் நான்கு எல்லை விவரம்தான். அதற்கு அவள் அழுததில்லை.

டயர்க்காரர் கிளம்பும்போது அலமாரி முன்னால் நின்றார். இந்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை. "லைப்ரரி புத்தகம் எழுத்து பொடிப்பொடியா இருக்கு சம்பந்தி. கண்ணே போச்சு. உங்களுது பெரிய எழுத்துன்னு நினைக்கறேன். இன்னொரு தடவை நிதானமா படிக்கணும். முதல்ல அந்தப் படகைப் படிக்கணும்."

"எடுத்துக்கோங்க மாமா" என்றாள் மகள். "அப்பாதான் ரெண்டு தடவை முடிச்சாச்சே."

சம்பந்தி கேட்டு ஒரு புத்தகத்தை இல்லை என்பது மரியாதையுள்ள வீட்டில் நடக்காது. "அடுத்த ஞாயிறு தரேன்" என்றார் பதிவாளர். "தூசி தட்டி, துடைச்சு."

ஆறு நாள் இருந்தது. அதற்குள் அந்தப் படகையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். அளவுகோலைத் தூக்கி எறிந்தார். நோட்டை மூடினார். திங்களும் செவ்வாயும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். புதன்கிழமை காலை கதையில் ஓர் ஆறு வந்தது. தம்பியைக் கொல்ல வந்த அண்ணன், மடியில் கத்தியோடு, கரையில் நிற்கிறான். அக்கரைக்கு ஒரே படகு. படகில் ஏற்கெனவே ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் ஒரு காலை எடுத்துப் படகில் வைத்தான். இருநூற்று எழுபத்திரண்டாம் பக்கம் அதோடு முடிந்தது.

பதிவாளர் பக்கத்தைத் திருப்பினார். மேலே இருந்த எண் இருநூற்று ஐம்பத்தேழு.

முப்பத்தோரு வருடம் தாள் எண்ணிய கண் அது. எழுத்தைப் பார்க்கும் முன்பே எண்ணைப் பார்த்துவிட்டது. இருநூற்று ஐம்பத்தேழிலிருந்து எழுபத்திரண்டு வரை பதினாறு பக்கம் இரண்டாவது தடவையாகக் கட்டப்பட்டிருந்தது. அதற்கு அடுத்தது இருநூற்று எண்பத்தொன்பது. நடுவில் பதினாறு பக்கம் இந்தப் புத்தகத்தில் இல்லை. புத்தகம் கட்டியவன் பதினாறு பக்க மடிப்பு ஒன்றை மாற்றி எடுத்துவிட்டான். படகு கரையைவிட்டுப் புறப்படவே இல்லை.

முதலில் அவருக்குக் கட்டியவன் மேல் கோபம் வந்தது. அது அடங்கியபின் கடைசித் தாளைத் திருப்பி ஏழு சிவப்பு வரிகளையும் பார்த்தார். ஏழு முறை படித்தவர். ஏழு முறையும் இந்த இடத்தைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். பதினாறு பக்கம் மறுபடி வருவதையும், பதினாறு பக்கம் காணாமல் போனதையும் பார்க்காமல், ஓரத்தில் ஒரு பென்சில் கோடுகூடப் போடாமல், ஒரு பத்திரம் எழுதுகிறவர் கடந்து போயிருப்பாரா? புத்தகத்தை மேசை மேல் நிமிர்த்தி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தார். முதல் அறுபது, எழுபது பக்கம் விரல் பட்டுப் பழுப்பேறியிருந்தது. அதற்கு மேல் தாளின் ஓரம் வெள்ளையாகவே இருந்தது.

"என்னங்க, முகம் ஏன் இப்படிச் சுண்டிப்போச்சு?"

"ஒண்ணுமில்ல."

"அந்தப் புத்தகத்துல யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் தெரியல."

டயர்க்காரர் வீட்டுக்குப் போனதும் முதலில் எந்தப் பக்கத்தைத் திறப்பார் என்பதில் சந்தேகமே இல்லை. திறந்தால் படகு இருக்காது. பத்தாவதோடு நின்ற மனிதருக்கு அரை நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிடும்: இரண்டு முறை படித்த மகனும் படிக்கவில்லை, ஏழு முறை படித்த அப்பாவும் படிக்கவில்லை. பிறகு அது மகளுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிய எத்தனை நாள்? புத்தகம் தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். கரையான் அரித்துவிட்டது என்று சொல்லலாம். இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டும் அவர் குரலில் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை காலை, நூலகம் திறந்த உடனே போய், பொடி எழுத்துப் பிரதியைக் கேட்டார்.

"வீட்டுக்கே எடுத்துட்டுப் போகலாமே சார்" என்றார் நூலகத்து அம்மாள்.

"வேண்டாம். இங்கேயே பார்த்துக்கறேன்." இரவல் பதிவேட்டில் அவர் பெயர் ஏறக்கூடாது. மகள் வந்து போகிற நூலகம்.

ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, கொண்டுவந்த தடித்த வெள்ளைத் தாளை எடுத்து, நீலக்கறுப்பு மையில், இருநூற்று எழுபத்து மூன்றாம் பக்கத்தை எழுத ஆரம்பித்தார். அப்பாவிடம் கற்ற பத்திரக் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே நிமிர்ந்து நிற்கும். இருவரில் யார் எழுதியது என்று அலுவலகத்திலேயே குழம்புவார்கள். அந்த எழுத்தில் எழுதி, வேண்டாத மடிப்பை வெட்டி எடுத்துவிட்டு, இதை அங்கே ஒட்டிவிட்டால், இந்த வீட்டில் படித்தவர்கள் குறையைக் கண்டுபிடித்து அப்போதே சரிசெய்துவிட்டார்கள் என்று யாரும் எண்ணிக்கொள்ளலாம். பொய் என்று எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அன்று நான்கு பக்கம் எழுதினார். நகல் எடுக்கிற பழக்கத்தில் எழுத்து எழுத்தாகத்தான் போனது. வெள்ளிக்கிழமை ஏழாவது பக்கத்தில் பேனா தானாக நின்றது.

நடு ஆற்றில் படகில் ஓட்டை. படகோட்டி துடுப்பை விடமுடியாது. படகில் ஒரே ஒரு தகரக் குவளை. அண்ணன் குனிந்து இறைக்கிறான். கை சோர்ந்ததும் குவளையை நீட்டுகிறான். தம்பி வாங்கி இறைக்கிறான். அவன் கை சோர்ந்ததும் நீட்டுகிறான். பேச்சில்லை. ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கவில்லை. குவளை மட்டும் போய்ப் போய் வருகிறது. குனிகிற ஒவ்வொரு தடவையும் அண்ணனின் மடியிலிருக்கும் கத்தி அவனையே குத்துகிறது. கரை வந்ததும் தம்பி முதலில் இறங்கி, தடுமாறுகிற அண்ணனுக்குக் கை கொடுக்கிறான். இழுக்கும்போது கத்தி நழுவி மணலில் விழுகிறது. தம்பி அதைக் குனிந்து எடுத்து, துடைத்து, அண்ணனிடமே திருப்பித் தருகிறான். தந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல், மெதுவாக நடக்கிறான்.

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சார், கண்ணு எரியுதா? ஃபேன் காத்து நேரா அடிக்குது. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

"பரவாயில்லம்மா."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டபோது, அவருக்குள் வந்த அடுத்த எண்ணம் இதுதான்: இதை அந்த டயர்க்காரர் எனக்கு முன்னால் படித்துவிட்டார். என் மகளுக்குப் படித்தும் காட்டிவிட்டார். பேனாவை அழுத்திப் பிடித்து எழுத ஆரம்பித்தார். சனிக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பதினாறாவது பக்கத்தின் கடைசி வரியை எழுதி முடித்து, அசலோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, மை காயும்வரை கைவிசிறி போலத் தாளை ஆட்டினார். மனசு லேசாக இருந்தது. அன்று பகல் அப்பாவின் புத்தகத்தில் பிளேடை வைத்து, இரண்டாவது தடவை வந்த மடிப்பை அறுத்தெடுத்தார். ஒட்டிய பிறகு பார்த்தால் பிறந்ததிலிருந்தே அப்படி இருந்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, துணியில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்து டயர்க்காரர் புத்தகத்தோடு வந்தார். குச்சி இல்லை; நடை தேறியிருந்தது. மாப்பிள்ளை வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். பெண்கள் இருவரும் சமையலறையில் இருந்தார்கள். முன்னறையில் சம்பந்திகள் இருவர் மட்டும்.

"பத்திரமா கொண்டு வந்துட்டேன் சம்பந்தி. பாத்துக்கோங்க."

பதிவாளர் பார்த்தார். அவர் கை நேராகத் தம் பதினாறு பக்கங்களுக்குத்தான் போனது. கடைசிப் பக்கத்தின் அடியில், அவர் எழுத்துக்குக் கீழே, ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. குமிழ் இல்லாமல், சுருக்கம் இல்லாமல், ஓரம் தெரியாமல். ஒட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவரின் வேலை.

"இது என்ன?"

"ஒண்ணுமில்ல. அங்க கொஞ்சம் மை சிந்தியிருந்தது. பார்க்க நல்லா இல்ல. அதான்."

பதிவாளர் அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒட்டிய தாளுக்கு அடியில் அவருடைய கையெழுத்தே நிழலாகத் தெரிந்தது. 'பக்கங்கள் பதினாறு. அசலுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. உண்மை நகல்.' அதற்குக் கீழே அவர் ஒப்பம். அதற்குக் கீழே தேதி: இந்த வருடம், போன மாதம், அந்தச் சனிக்கிழமை. முப்பத்தோரு வருடம் ஒவ்வொரு நகலின் அடியிலும் எழுதிய வரி. எழுதியதே அவருக்கு ஞாபகம் இல்லை. கை எழுதியிருக்கிறது.

டயர்க்காரர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான்தான் முதல்ல பார்த்தேன். ஒட்டிட்டுத்தான் மத்தவங்க கையில கொடுத்தேன். வேற யாரும் பார்க்கல. விடுங்க."

பதில் சொல்வதற்குள் மகள் காபித் தட்டோடு வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் அம்மா.

"அப்பா, அந்தக் கையெழுத்துப் பக்கம் எவ்வளவு அழகா இருக்கு. தாத்தா எழுத்துதானே அது? மாமா சொன்னார், புத்தகம் வாங்கும்போதே அந்தப் பக்கம் விட்டுப் போயிருக்கும், தாத்தா எங்கேயோ தேடிப் பிடிச்சு தன் கையால எழுதிச் சேர்த்திருப்பார்னு. ஏழு தடவை படிச்சவர்னா சும்மாவா."

டயர்க்காரர் காபியைக் கையில் எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். அப்பாவின் ஏழு வரிகள் நிற்கும். இரண்டு முறை என்ற பேச்சும் நிற்கும். வீட்டின் பெயர் முன்பைவிட ஒரு முழம் உயர்ந்தே நிற்கும். ஆனால் அது இனிமேல் எதன் மேல் நிற்கும்? ஒரு விரல் அகலத் தாளின் மேல். டயர்க்காரர் ஒட்டிக்கொடுத்த தாளின் மேல். ஞாயிறுதோறும் அந்த மனிதர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், பெருந்தன்மையாகக் காபி குடிப்பார். படகு அவருடையது. மகளின் கண்ணீர் அவருடையது. இப்போது இந்தக் குடும்பத்தின் மானமும் அவர் தயவா? அதோடு, இந்த ஆயிரத்துச் சொச்சம் பக்கத்தில் பதிவாளர் உண்மையாகப் படித்தது, கையொடிய எழுதியது, அந்தப் பதினாறு பக்கம்தான். அதைத் தூக்கி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டால் அவருக்கென்று என்ன மிச்சம்?

"இல்ல" என்றார். "நான் எழுதினது."

நகத்தால் தாளின் ஓரத்தைக் கிளப்பி உரித்தார். நன்றாக ஒட்டியிருந்தது, கிழித்துக் கிழித்துத்தான் வந்தது. புத்தகத்தை மகள் பக்கம் திருப்பி, தேதியின் மேல் விரலை வைத்தார்.

"போன மாசம்தான் எழுதினேன். லைப்ரரில உக்காந்து. அதுவரைக்கும் அந்தப் பக்கம் இல்லைங்கறதே எனக்குத் தெரியாது."

மகள் தேதியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். "அப்போ ரெண்டு தடவைன்னு சொன்னது?"

"ஒரு தடவைகூட இல்ல. இருநூற்று எண்பத்தெட்டு வரைக்கும். அதுவும் இப்பதான்."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர் மனைவி. "நாற்பதாம் பக்கத்துல தூங்கி நாற்பதாம் பக்கத்துலயே எழுந்திருக்கற மனுஷன்."

மகள் சிரிக்கவில்லை. அவள் கை கடைசித் தாளுக்குப் போயிருந்தது. "அப்போ தாத்தா?"

டயர்க்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது அவர் எழுதி ஒப்பம் வச்சது" என்றார் பதிவாளர், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "நான் சாட்சிக் கையெழுத்துப் போடல. அவரைக் கூப்பிட்டு விசாரிக்கவும் முடியாது. என் கையெழுத்து எதுவோ அதுக்கு மட்டும்தான் நான் பதில் சொல்வேன்."

மகள் கடைசித் தாளை மூடினாள். மூடிவிட்டு, அப்பாவின் பதினாறு பக்கங்களையும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "கை வலிச்சிருக்குமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பதிவாளருக்கு அது போதுமாகவும் இருந்தது, போதாமலும் இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றார் டயர்க்காரர். உரித்துப் போட்ட தாள் துணுக்குகளை அவர் மேசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "முடிச்சேன் முடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். நடுவுல நூறு பக்கத்தைப் படிக்காமத் தள்ளிட்டேன்."

"மாமா."

"என்ன பண்றது. ஒரே நிலத் தகராறு. வடக்கே வாய்க்கால், தெற்கே வேலி, எவனோ ஒருத்தன் பழைய பத்திரத்தைக் கொண்டு வர்றான், அது செல்லாதுங்கறான் இன்னொருத்தன். தலையும் புரியல, வாலும் புரியல."

பதிவாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டாவது தடவையுமா தள்ளிட்டீங்க?"

"ரெண்டாவது தடவையும்தான்."

மாதக்கணக்காக அவர் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது முழுதாக அணைந்துவிட்டது என்று சொல்லமுடியாது. ஆனால் அது இடம் மாறி உட்கார்ந்தது. சூடு இதமாக இருந்தது.

"எந்தப் பக்கத்துல இருந்து?" என்றார்.

"ஐநூத்தி நாலு. சின்னதா மடிச்சு வச்சிருந்தேன், அப்புறம் நிமித்திட்டேன். மன்னிச்சுக்கோங்க."

பதிவாளர் புத்தகத்தை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில்கூட அதை அலமாரியில் வைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது வாசல் வரை வந்து, மரியாதையாகக் கேட்டார்:

"மூணாவது தடவை படிக்கற எண்ணம் எதுவும் இருக்கா சம்பந்தி?"

"கால் சரியாயிடுச்சே. பட்டறைக்குப் போகணும். பார்ப்போம்."

"நல்லது, நல்லது. புத்தகம் இப்போதைக்கு வெளியே போகாது."

மாப்பிள்ளை வண்டியைத் திருப்புவதற்குள் அவர் உள்ளே வந்து, மேசை விளக்கைப் போட்டு, இருநூற்று எண்பத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்தார். ஐநூற்று நான்குக்கு இன்னும் இருநூற்றுப் பதினைந்து பக்கம் இருந்தது. அதற்குள் தூங்கிவிடாமல் இருக்க வேண்டும்.